கிழமைநாள் சாப்பாடு

சாப்பிட வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற சமையல்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் கடையில் ஒருவர் இருந்தார்.

ஆறு மேசை போட்ட சின்னக் கடை. இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில், ஒரேத்தோ வீதிப் பக்கத்தில், ஒரு ஒழுங்கைக்குள் நானும் கணவரும் நடத்தினோம். சமைத்தது அந்த மனுசன்தான். சமையலறைக்கும் மேசைகளுக்கும் நடுவில் சுவர் இல்லை, இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை மட்டும்தான். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. யாராவது ஒரு இத்தாலியர் நண்டுக் குழம்பில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அருமை என்று சொன்னால் போதும், அவர் அகப்பையோடு பலகைக்கு வந்துவிடுவார். இது அது இல்லை என்று தொடங்குவார். தேங்காய்ப் பால் தகரத்திலிருந்து வந்தது. நண்டு ஐஸில் கிடந்தது. முருங்கைக்காய் விமானத்தை விட்டு இறங்கும்போதே பாதி செத்துவிட்டது. உண்மையான சாப்பாடு வேண்டுமென்றால் அங்கேயே போங்கள், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் இருக்கிறது என்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன் தட்டைப் பார்ப்பார். நான் நிலத்தைப் பார்ப்பேன்.

யாழ்ப்பாணச் சாப்பாட்டோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. எந்த நாட்டுச் சாப்பாட்டைப் பற்றி யார் கதைத்தாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: அங்கே போய்ச் சாப்பிட வேண்டும். பலெர்மோவில் நல்ல கிரேக்கச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஒரு மாணவன் கேட்டபோது, கிரேக்கத்தில் என்று சொன்னார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. ஒரு நாட்டின் சாப்பாட்டை இன்னொரு நாட்டில் சாப்பிடுவது அவருக்குக் கலியாணத்தை வீடியோவில் பார்ப்பது போல. பார்த்ததாகச் சொல்லலாம், போனதாகச் சொல்ல முடியாது.

நான் அவரை முதலில் அறிந்தது இதே பட்டணத்தின் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு குடும்பம் நடத்திய உணவகத்தில். நான் சட்டி கழுவினேன், அவர் அடுப்பில் நின்றார். அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை. சூடை மீனும் காட்டுப் பெருஞ்சீரகத் தழையும் போட்டு இந்த ஊர்க்காரர் செய்கிற பாஸ்தாவை அவர் செய்தால், முதலாளியின் மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போவாள். அந்த மனுசி எவரையும் பாராட்டியதை நாங்கள் கேட்டதில்லை. சிசிலிச் சாப்பாட்டை அவர் கடையில் பழகவில்லை. ஓய்வு நாட்களில் அந்த மனுசியின் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்து, அவள் தனக்கென்று சமைப்பதைப் பார்த்துப் பழகினார்.

ஆகஸ்டில் அந்த உணவகத்தை மூன்று கிழமை பூட்டுவார்கள். எங்கள் ஆட்களில் சிலர் ஊருக்குப் போவார்கள், சிலர் லண்டனிலோ கனடாவிலோ ஒரு கலியாணவீட்டுக்குப் போவார்கள். அவர் ஒரு தோள்பையோடு ஏதாவது ஒரு நாட்டுக்குச் சாப்பிடப் போவார். கோயிலில் சனம் அதைச் சொல்லிச் சிரித்தது. சூப் குடிக்க பிளேன் ஏறுகிற மனுசன் என்றார்கள். தனியாள், பிள்ளை குட்டி இல்லை, கேட்க ஆளில்லை என்றார்கள். நானும் சிரித்தவள்தான்.

நாடுகளை அவர் ருசியை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட் இல்லை. அகதியாக ஏற்றுக்கொண்டவருக்கு இந்த நாடு கொடுக்கிற பயணப் புத்தகம். அதை எந்த நாடு ஏற்கிறதோ அந்த நாட்டுக்குப் போனார். போர்த்துக்கல், ஹங்கேரி, கிரேக்கம், ஜோர்ஜியா. ஏற்காத நாடுகளைப் பற்றி, அங்கே சாப்பாடு நல்லதாம் என்று மட்டும் சொல்வார். அந்தப் புத்தகத்தில் ஓரிடத்தில், எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர என்று அச்சடித்திருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரோடு அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

போகிற நாட்டில் பெரிய நகரத்தில் அவர் நிற்பதில்லை. விமான நிலையத்திலிருந்து பஸ் எடுத்து, பயணிகள் போகாத ஒரு சின்னப் பட்டணத்தில் இறங்குவார். காலையில் சந்தைக்குப் போய், பெண்கள் எதை வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு மரக்கறி விற்கிறவளிடம் தான் சமையல்காரன் என்று சைகையில் சொல்லி, உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன என்று கேட்பார். எத்தனையோ பேர் துரத்தியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் பொலிசைக் கூப்பிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தி வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். விருந்துக்குச் சமைப்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. பெருநாளும் இல்லாமல், வீட்டுக்கு ஆளும் வராமல், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்களோ அதுதான் அந்த நாட்டின் சாப்பாடு என்பார். கிழமைநாள் சாப்பாடு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்.

இத்தனைக்கும் திரும்பி வந்து, சாப்பிட்டது என்ன என்று ஒன்றும் சொல்ல மாட்டார். படம் எடுக்க மாட்டார். ஒரு பொதி மசாலாகூட வாங்கி வர மாட்டார். மூன்று கிழமை ஜோர்ஜியாவில் இருந்துவிட்டு வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன்.

"நாங்கள் தேங்காயைப் பாவிக்கிற மாதிரி அவை வால்நட்டைப் பாவிக்கினம், பிள்ளை," என்றார். அவ்வளவுதான்.

ஹங்கேரிக்கு ஒரு வசனம்: மிளகாய்த் தூளைப் போட முன்னம் சட்டியை அடுப்பாலே இறக்குகிறார்கள், எரியவிடுவதில்லை. போர்த்துக்கல்லுக்கு ஒரு வசனம்: கருவாட்டை இரண்டு நாள் ஊற வைக்கிற பொறுமை அவர்களுக்கு இருக்கிறது. ஒரு மனுசன் இவ்வளவு தூரம் போய் வந்து இவ்வளவுதான் சொல்வதென்றால், கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வராதா? எனக்கு வந்தது. ஆனாலும் ஒவ்வொரு செப்டம்பரும் கேட்டேன்.

முதலாளி வயதாகிக் கடையைப் பூட்டிய பிறகு, நானும் கணவரும் எங்கள் சின்னக் கடையைத் தொடங்கினோம். சமைக்க அவரைத்தான் கூப்பிட்டோம். அவருடைய கை இருந்தால் கடை ஓடிவிடும் என்று நம்பினேன். கை சரியாகத்தான் இருந்தது. அவருடைய கூழுக்கும் கணவாய்க் கறிக்கும் பக்கத்துப் பட்டணமான பகேரியாவிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள்கூட இருந்தார்கள். வாய்தான் பிரச்சினை.

வியாழக்கிழமைகளில் கூட்டம் குறைவு. அன்றைக்கு ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு நாட்டுச் சாப்பாடு வைக்கலாம் என்று எனக்கு யோசனை வந்தது. இந்தப் பட்டணத்தில் அதைச் செய்ய அவரை விட்டால் வேறு யார்? அந்த நாடுகளின் வீடுகளுக்குள் போய்ச் சாப்பிட்ட நாக்கு அது. அவரிடம் சொன்னேன். உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு ஏலாது என்றார். ஏன் என்று கேட்டேன். யாரோ ஒரு வீட்டில் தன்னை நம்பித் தந்ததைத் தான் விலைப்பலகையில் எழுதி விற்க முடியாது என்றார். சமையல் என்ன பரம இரகசியமா என்று கேட்டேன். இரகசியம் இல்லை, ஆனால் அது அவர்களுடையது என்றார்.

நான் விடவில்லை. இணையத்தில் பார்த்து, கத்தரிக்காயை நீளமாக வெட்டிப் பொரித்து, வால்நட்டையும் உள்ளியையும் அரைத்து உள்ளே தடவிச் சுருட்டி, நானே ஒரு வியாழக்கிழமை ஜோர்ஜியா என்று எழுதி வைத்தேன். அவர் ஒரு தட்டு எடுத்து முழுவதையும் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றார். நான் சந்தோசப்பட்டு முடிவதற்குள் பலகைக்குப் போய், மேசையில் இருந்த இரண்டு பெண்களிடம், நல்ல சாப்பாடு, பயமில்லாமல் சாப்பிடுங்கள், ஆனால் இது ஜோர்ஜியா இல்லை என்றார். அத்தோடு வியாழக்கிழமை முடிந்தது.

பிறகுதான் ஒரு வழிகாட்டிப் பெண் வந்தாள். வெளிநாட்டுப் பயணிகளைச் சந்தைகளுக்கு நடத்திக் கூட்டிப்போய்ச் சாப்பாடு காட்டுகிற வேலை அவளுக்கு. சாப்பாட்டுக்காகவே போகவேண்டிய நாடுகள் என்று பத்திரிகைகளில் வருகிற பட்டியல்களைப் படித்துவிட்டுத்தான் தன் ஆட்கள் இத்தாலிக்கு வருகிறார்கள் என்றாள். அவர்களை நடையின் கடைசியில் எங்கள் கடைக்குக் கூட்டி வந்தால், இத்தாலியில் இருந்தபடியே இன்னொரு நாட்டையும் ருசி பார்த்துவிட்டுப் போவார்கள். பங்குனியிலிருந்து ஐப்பசி வரை, கிழமையில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஒரு குழு. அந்த வருசம் கடையை வைத்திருப்பதா பூட்டுவதா என்று நானும் கணவரும் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அவள் தன் முதலாளியோடு சாப்பிட்டுப் பார்க்க வந்த நாளில் அண்ணை சமைத்தது போல நான் சாப்பிட்டதில்லை. இடியப்பம் பூப்போல இருந்தது. சொதியில் ஒரு துளி புளி கூடவில்லை. இரண்டு பேரும் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்கள். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். அந்தப் பெண் தன் தொலைபேசியில் ஒரு பட்டியலை எடுத்து, இதில் உங்கள் நாடும் இருக்கிறது என்று அவருக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு முதலாவது நாட்டிலிருந்து கடைசி நாடு வரை ஆறுதலாக வாசித்தார். பிறகு, இதை எழுதினவர் யாருடைய வீட்டில் சாப்பிட்டார் என்று கேட்டார். அவள் சிரித்தாள். இந்தச் சாப்பாட்டைப் பற்றி என் ஆட்களுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள்.

இதை இங்கே சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார் அவர். அங்கே போகக் கூடியவர்கள் அங்கே போகட்டும். இது போக முடியாதவர்களுக்குச் சமைப்பது. பிறகு தகரப் பாலிலிருந்து தொடங்கி, எதெது குறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த முதலாளி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் எழும்பாமல் இருக்க.

ஒரு கிழமை கழித்து, வேறு இடம் பார்த்துவிட்டோம் என்று அவள் மரியாதையாக அறிவித்தாள். எனக்கு அன்றைக்குக் கோபத்தில் கண் தெரியவில்லை. மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள், தமிழ் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"நீங்கள் போகாத இடத்துக்கு மற்றவையை ஏன் அண்ணை அனுப்புறியள்?"

கேட்ட உடனேயே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவர் அடுப்பைக் குறைத்தார். கையைக் கழுவித் துடைத்தார். பிறகு இருந்த ஓடர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து முடித்தார். அடுத்த நாள் வழமையான நேரத்துக்கு வந்து வெங்காயம் வெட்டினார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, சீரகம் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும் என்றார்.

அவருக்காக இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தது என் கணவர்தான். சில வருசங்களுக்கு முன்பு கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கி அனுப்பியிருந்தார். மொழிச் சோதனையைக்கூட அண்ணை போய் எழுதிச் சித்தியடைந்திருந்தார். அந்தச் சண்டை நடந்த ஐப்பசியில் பதில் வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது, ஆறு மாதத்துக்குள் மாநகர சபையில் போய் உறுதிமொழி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் எல்லாம் இரத்தாகிவிடும். அதை எடுத்துவிட்டால் பாஸ்போர்ட் வரும். பாஸ்போர்ட் வந்தால் இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு அவர் ஊருக்குப் போகலாம். எனக்கு இருந்த சந்தோசத்தில் அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தேன்.

அவர் போகவில்லை. கார்த்திகையில் கடையில் வேலை அதிகம் என்றார். மார்கழியில் தடிமன் என்றார். தையில் கடையைப் பத்து நாள் பூட்டினோம், இப்போதாவது போவார் என்று பார்த்தால் கிரேக்கத்துக்குப் போய்விட்டார். குளிர்காலத்தில் அவர்கள் காட்டுக் கீரையை அவித்து எலுமிச்சம்புளி விட்டுச் சாப்பிடுகிறார்களாம், அதைப் பார்க்க வேண்டுமாம். திரும்பி வந்து அந்த ஒரு வசனத்தைச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். கையில் கிடைத்ததை இப்படித் தவற விடுகிற ஒருவரோடு ஒரே சமையலறையில் நிற்பது என்ன கொடுமை என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாங்களோ எங்கள் காகிதங்களுக்காக எத்தனை வரிசையில் நின்றிருக்கிறோம்.

அவருக்கு ஊரில் ஒரு அக்கா இருந்தா. எழுபது வயது. தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தது அவதான். அவரிடம் கேட்டால் சரியான பதில் வராது என்று தெரிந்து, அவ எனக்குத்தான் தொலைபேசி எடுப்பா.

"பிள்ளை, தம்பிக்குக் கடுதாசி வந்திட்டுதாம். எப்ப வாறானாம்?"

வேலை கொஞ்சம் அதிகம் அம்மா, சித்திரைக்குள் வருவார் என்று நான் பொய் சொன்னேன். ஓம் ஓம், வேலை முக்கியம்தான் என்று அவ சொல்லிவிட்டு, நன்றாகச் சாப்பிடுகிறானா என்று கேட்டா. சமையல்காரரைப் பற்றி இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

பகேரியாவிலிருந்து சனிக்கிழமைகளில் ரயிலேறி வருகிறவர்கள் என்று சொன்னேனே, அவர்கள் ஒரு கணவனும் மனைவியும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். அவருடைய பேச்சைக் கேட்டு உண்மையாகவே புறப்பட்டவர்கள் அந்த இரண்டு பேரும்தான். மாசி மாதம் இலங்கைக்குப் போகிறோம், யாழ்ப்பாணத்தில் எங்கே சாப்பிடலாம் என்று வந்து கேட்டார்கள். கடைகளில் சாப்பிடாதீர்கள் என்று சொல்லி, அவர் தன் அக்காவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். வீட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கேளுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று மூன்று தரம் சொன்னார். அவர்கள் போயிருந்த இரண்டு கிழமையும் அவர் கதைக்கவே இல்லை. உறுதிமொழிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அவர்கள் திரும்பி வந்த சனிக்கிழமை கடையில் வேறு ஆட்கள் இல்லை. அவர் பலகையைத் தாண்டி வெளியே வந்து, அவர்களோடு மேசையில் இருந்தார். அதற்கு முன் அவர் எந்த மேசையிலும் இருந்ததில்லை. மனைவிதான் கதை சொன்னாள். அக்கா வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாவாம். பாசை இல்லாமலே ஒரு மணி நேரம் கதைத்தார்களாம். வீட்டில் இருப்பதைத் தாருங்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துச் சொல்லிப் பார்த்தார்களாம். அக்கா கேட்கவில்லை. தம்பி இருக்கிற நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று, பட்டணத்துக்கு ஆள் அனுப்பி மக்கறோனிப் பக்கெட் வாங்குவித்து, அதை நன்றாகக் குழைய அவித்து, தக்காளிச் சோஸ் விட்டு, மேலே அவித்த முட்டையை வெட்டி வைத்துக் கொடுத்தாவாம். தாங்கள் இருந்து சாப்பிட, அவ நின்று விசிறினாவாம்.

அந்த மனுசி அதை அன்போடுதான் சொன்னாள், கண்கூடக் கலங்கியது. அக்கா என்ன சாப்பிட்டா என்று அவர் கேட்டார். தெரியவில்லை, எங்களோடு சாப்பிடவில்லை, குசினிக்குள் போய் அடுப்படியில் சாப்பிட்டா என்றாள்.

அவர்கள் போன பிறகு அவர் உள்ளே போய் முக்காலியில் இருந்தார். வெளியே பின்னேர வெயில். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன்.

"பாத்தியே பிள்ளை, மக்கறோனி வாங்கியிருக்கிறா," என்றார்.

அது அவவின் மரியாதை, அதற்கு என்ன செய்வது என்றேன்.

"நான் போனாலும் அதுதான் நடக்கும். எனக்குக் கோழி அடிப்பா. நல்ல கோப்பையை இறக்கிக் கழுவுவா. என்னை இருத்திப்போட்டு நிண்டு விசிறுவா. ஜோர்ஜியாவிலை ஆரெண்டே தெரியாத மனுசி நேற்றையான் அவரைக் கறியைச் சூடாக்கி, இந்தா தின் எண்டு வைச்சவள். இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு வாறவனுக்கு ஆர் பழஞ்சோறு குடுப்பினம்?"

அத்தனை வருசத்தில் அவர் சேர்ந்தாற்போல அவ்வளவு வசனம் கதைத்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு ஆகஸ்டும் அவர் எதைத் தேடி அலைந்தார், உறுதிமொழி நாளை ஏன் தள்ளித் தள்ளிப் போட்டார் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் எரிச்சல்தான் முன்னுக்கு வந்தது. ஒரு கிழட்டு மனுசி அங்கே வழி பார்த்துக்கொண்டிருக்க, கோழி தருவாள் என்று பயந்து இங்கே ஒளித்திருக்கிறாரே இந்த மனுசன் என்று எரிந்தது.

"அப்ப அவ பழஞ்சோறு தருமட்டும் அங்கை நில்லுங்கோ," என்றேன்.

கோபத்தில் சொன்னதுதான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழும்பி, அடுத்த நாளுக்கு அரிசி ஊறப் போட்டார்.

பங்குனிக் கடைசியில் அவரை நானும் கணவரும் மாநகர சபைக்குக் கூட்டிப்போனோம். கணவரின் கோட்டைப் போட்டிருந்தார், சப்பாத்து மட்டும் சமையலறைச் சப்பாத்து. எழுதிக் கொடுத்ததை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தார். அதிகாரி கை கொடுத்தார். வெளியே வந்ததும், பக்கத்து ஒழுங்கையில் ஒரு கிழவன் மண்ணீரல் வைத்த பாண் ரொட்டி நன்றாகச் செய்வான் என்று சொல்லி எங்களை அங்கே கூட்டிப்போனார். இத்தாலியன் ஆனதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் வந்து, வைகாசியில் போனார். மூன்று கிழமை லீவு. நானே சமைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் அவருடைய அதே தோள்பைதான் இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் வாங்கவில்லையா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டு போனால் விருந்தாளி என்று நினைப்பா என்றார்.

முதல் கிழமை தொலைபேசி எடுத்தார்.

"கோழிதான், பிள்ளை," என்றார். ஒவ்வொரு நாளுமா என்று கேட்டேன். ஒவ்வொரு நாளும் என்றார்.

இரண்டாவது கிழமை நண்டும் இறாலும். மூன்றாவது கிழமை அயலட்டையில் சொல்லி ஆட்டிறைச்சியில் பங்கு எடுத்தாவாம். அவர் குசினிக்குள் போனால் அக்கா வெளியே அனுப்பிவிடுகிறாவாம், பிரயாணம் செய்த பிள்ளை இருந்து ஆறட்டும் என்று. லீவு முடிந்துவிட்டது, எப்போது வாறீர்கள் என்று கேட்டேன். இன்னும் ஒரு கிழமை நின்று பார்க்கிறேன் என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார். இதற்குள் என் கை கொதி எண்ணெயில் சுட்டு, கணவர் புட்டவிக்கப் பழகி, வந்தவர்கள் அண்ணை எங்கே என்று கேட்டுக் கேட்டு, பதில் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. பகேரியாவிலிருந்து வந்த மனுசி மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னைத் தட்டிக் கொடுத்தாள். அவளுக்கே பொய் சொல்ல வரவில்லை, நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி எடுத்தார். நான் பேச வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எங்களுக்கும் ஒரு கடை இருக்கிறது, எங்களுக்கும் வயிறு இருக்கிறது, ஒரு முடிவைச் சொல்லுங்கோ என்று தொடங்கினேன். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் அக்காவின் குரல் கேட்டது. எனக்கு எடுத்துக் கதைக்கும்போது கேட்கிற மெல்லிய குரல் இல்லை.

"டேய், ஃபோனை வைச்சிட்டு வந்து தேங்காயைத் திருவு. எத்தினை தரம் சொல்லுறது உனக்கு."

பிறகு அவர், தான் போக வேண்டும் என்றார்.

"ஏசுறா, பிள்ளை. காலமையிலையிருந்து ஏசுறா."

ஓம் அண்ணை, போங்கோ என்றேன். அவர் எப்போது வருவார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்தேன். அண்ணை என்ன சொன்னார் என்று கணவர் கேட்டார். நான் மேசை லாச்சியைத் திறந்து தடித்த பேனையை எடுத்து, சமையலுக்கு ஆள் தேவை என்று தமிழிலும் இத்தாலியனிலும் எழுதி, கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.